ஒன்பது கண்டன்சர்களும் இரண்டு குற்றவாளிகளும்

கோவில்பட்டியில் எது கெட்டாலும் அதற்குக் கண்டன்சர்தான் காரணம் என்று நம்பிய ஒரு மனிதர் இருந்தார். சீலிங் ஃபேன் சுற்றவில்லையா, கண்டன்சர். இதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். டவுன் பஸ் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டதா, அதுவும் கண்டன்சர். ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் கரிசலில் ஒரு பொட்டு மழை இல்லையா, மேலே எங்கேயோ ஒரு கண்டன்சர் காய்ந்துபோயிருக்கும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் டெல்லியில் அரசாங்கங்கள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்தபோது அவரிடம் கருத்துக் கேட்டேன்.

"பழைய செட்டு வே. உள்ள இருக்கதுல ஒண்ணையும் மாத்தாம ஸ்விட்ச மட்டும் போட்டுட்டானுவ. வேற என்ன ஆகும்?" என்றார்.

அந்த வருடங்களில் டெல்லியைப் பற்றி வந்த தலையங்கங்களை ஒன்று விடாமல் படித்தவன் நான். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரிலும் யாருக்கும் தெரியாது. கண்டன்சர் என்றால் தெரியும். நேரில் பேசும்போது மட்டும் பின்னால் ஓர் அண்ணாச்சியைச் சேர்த்துக்கொள்வோம். அவர் மனைவியே ஒருநாள் கடைவாசலில் நின்று 'கண்டன்சர் இருக்காவளா' என்று கேட்டதாக ஒரு வதந்தி உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான்.

மார்க்கெட்டுக்குத் திரும்புகிற சந்தில், ஒரு ஆள் நிற்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் உட்கார வேண்டும் என்ற அளவில் ஒரு கடை. போர்டு கிடையாது. பழைய ரேடியோ, பழைய ஆம்ப்ளிஃபயர், பழைய ரெக்கார்டு பிளேயர் மட்டும்தான் எடுப்பார். புது டிவியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், அதற்கு இன்னும் வயசு வரவில்லை, பதினைந்து வருடம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கண்டன்சர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு தேவைக்கு விடுகிற ஒரு சின்ன உருளை. பாடப் புத்தகங்கள் இதை மின்தேக்கி என்கின்றன. மின்தேக்கி வேண்டும் என்று கேட்டால் கோவில்பட்டியில் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். பழைய வால்வு ரேடியோவில் வால்வு லேசில் சாகாது, டிரான்ஸ்ஃபார்மர் சாகவே சாகாது, இந்த உருளைக்குள் இருக்கிற காகிதமும் மெழுகும் ஈரப்பசையும்தான் வயதானால் காய்ந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். அதிலும் ஓடிக்கொண்டே இருந்தால் பத்து வருடம் கூடத் தாங்குமாம். சும்மா கிடந்தால்தான் ஆபத்தாம். "ஒழைச்சு செத்த கண்டன்சர்கள விட ஒக்காந்து செத்த கண்டன்சர்கதான் அதிகம்" என்பார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். தீப்பெட்டி பண்டல்கள் வடநாட்டுக்கு லாரி ஏறுவதை நாற்காலியில் அமர்ந்து பார்ப்பது என் உத்தியோகம்.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதற்குத் தீப்பெட்டிதான் காரணம். லேபிள் கோணலாக ஒட்டிக் கழித்துப்போட்ட காலிப் பெட்டிகளை நான் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் கண்டன்சர்களை அதில்தான் போட்டு வைப்பார். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு லேபிள். பாயிண்ட் ஒன்று என்றால் கிளிப் பெட்டி. பாயிண்ட் நாட் ஒன்று ரயில் பெட்டி. பெரிய ஃபில்டர் கண்டன்சருக்கு யானை. நாளடைவில் அவருக்கு எண்களே மறந்துவிட்டன. சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுப்பார். புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற ஒருவர் ரேடியோவை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். செட் நன்றாகப் பாடுகிறது, குறையொன்றுமில்லை, ஆனால் 'கிளி நான்கு, யானை ஒன்று' என்று எழுதியிருக்கிறதே, இவ்வளவு சின்ன டப்பாவுக்குள் எப்படி என்று கேட்டுப்போக வந்தாராம்.

ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் கண்டன்சர் 'என்ன கம்ப்ளெய்ன்ட்' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "எத்தனை வருசம் சும்மா கெடந்துச்சு?" இதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "அப்புறம் யாரு ஸ்விட்ச் போட்டது?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் பல பேர் மாட்டிக்கொண்டார்கள்.

வருடக்கணக்கில் சும்மா கிடந்த செட்டைச் சுவரில் இருக்கிற பிளக்கில் நேராகச் சொருகி ஸ்விட்ச் போடுவது அவர் அகராதியில் கொலை முயற்சி. முதலில் வயதான கண்டன்சர்களை மாற்ற வேண்டும். பிறகு நூறு வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொடராகக் கோத்து அதன் வழியாக மெதுவாக மின்சாரம் விட வேண்டும். பல்பு மங்காமல் பளீரென்றே எரிந்தால் உள்ளே எங்கேயோ ஷார்ட். லேசாகச் சிவந்து மங்கினால் செட் பிழைத்துக்கொண்டது. அந்தப் பல்பு மங்குகிறவரைக்கும் கடையில் யாரும் பேசக் கூடாது. எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருமுறை ஒரு ஆம்ப்ளிஃபயருடன் போய், பல்பு எரிந்துகொண்டிருந்தபோது வாயைத் திறந்திருக்கிறார். கண்டன்சர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாராம். முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர். அதே நிமிடம் கரண்ட் போயிற்று. மீண்டும் வரும்வரை முக்கால் மணி நேரம் இருவரும் பேசாமல் அணைந்த பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்விட்ச் போட்டது யாரென்று சொல்லாதவரை செட்டைத் தொட மாட்டார். சொன்ன பிறகு அதை எழுதியும் வைப்பார். ரேடியோவின் பின்பலகைக்கு உட்புறம், சிவப்பு மையில், தமிழ் மாதம், தேதி, மாற்றிய கண்டன்சர் எத்தனை, செட்டின் வயது. கடைசி வரி, 'ஸ்விட்ச் போட்டவர்' என்று ஆரம்பித்து ஒரு ஆளைக் குறிப்பிட்டு முடியும். இதெல்லாம் எதற்கு அண்ணாச்சி என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுதாங்கல்லா? அது மாதிரிதான். நாளைக்கு இன்னொருத்தன் இதத் தொறந்தாம்னா, என்ன நடந்ததுன்னு அவனுக்குத் தெரியாண்டாமா?"

எழுதுவதோடு விட மாட்டார். வால்வு ரேடியோவாக இருந்தால் அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்பத்தார் முன்னிலையில் பின்பலகையைத் திறந்து காட்டி, கழற்றிய பழைய சாமான்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு ஒப்படைப்பார். இடைசெவலில் ஒரு கூட்டுக் குடும்பம். செட்டை யார் கெடுத்தது என்று தெரியாமல் ஒற்றுமையாக இருந்தார்கள். இவர் போய்ப் பலகையைத் திறந்தார். 'ஸ்விட்ச் போட்டவர்: மூத்தவரின் மச்சான்' என்றிருந்தது. அந்த வருடப் பருத்தி எடுப்புக்கு இரண்டு அடுப்பு எரிந்தது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் என் தலைதீபாவளிக்கு எட்டயபுரம் போனேன்.

என் மாமனார் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவர் தெருமுனையில் செருமினால், கையில் சிகரெட் வைத்திருக்கும் நாற்பது வயதுக் குடும்பஸ்தர்கள்கூட அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போனபோது என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, புகை பிடிப்பீர்களா என்பதுதான். இல்லை என்றேன். பதிலை நம்பாமல் என் விரல் நுனிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. மாமியாரின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. நூல் பின்னிய விரிப்புப் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் வைத்து, யாரும் தொடக் கூடாது என்ற உத்தரவோடு பதினோரு வருடமாக அது பாடாமல் இருந்தது. எனக்கு ரேடியோ வேலை தெரியும் என்று என் மனைவி அங்கே சொல்லி வைத்திருந்தாள். அவளிடம் அப்படிச் சொன்னது நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்டன்சர் கடையில் உட்கார்ந்து கேட்டதும், ரேடியோ பற்றிய ஒரு புத்தகத்தின் முதல் முப்பது பக்கமும்தான்.

தீபாவளியன்று காலை மாமியாரும் என் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நானும் மாமனாரும் மட்டும் வீட்டில். வழக்கமாக என்னிடம் வானிலை தவிர வேறெதுவும் பேசாத மனிதர் அன்று பக்கத்தில் வந்து நின்று ரேடியோவைப் பார்த்தார்.

"போட்டுப் பாருங்களேன் மாப்ளே. விவரம் தெரிஞ்சவுங்க கையால போட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கொஞ்சம் வேகமாகவே போனார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

புது வேட்டியில் ஒரு மாப்பிள்ளையை 'விவரம் தெரிஞ்சவுங்க' என்று சொல்லிவிட்டால் அவனுக்குப் பல்பும் ஞாபகம் வராது, கண்டன்சரும் ஞாபகம் வராது. நேராகச் சுவரில் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். டயல் எரிந்தது. டயலுக்கு மேலிருந்த பச்சைக் கண் விளக்கு மெல்லத் திறந்தது. பதினோரு வருடம் தூங்கியதை எழுப்பிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அரை நிமிடத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். முனகல் உறுமலாயிற்று. பிறகு உள்ளே 'டப்'.

தெரு முழுக்க வெடி வெடித்துக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை. வாடையை மறைக்க முடியவில்லை. பழைய ஃபில்டர் கண்டன்சர் வெடித்தால் கருவாடு தீய்ந்த வாடை வரும். நாலு தலைமுறையாகச் சைவச் சமையல் நடந்த வீடு அது. கோயிலிலிருந்து திரும்பிய மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்ளே, இங்கன கருவாட்டு வாடை அடிக்குது?"

பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றேன். பக்கத்து வீடும் சைவம். கொல்லையிலிருந்து வந்த மாமனாரிடம் கேட்டதற்கு, எனக்கு என்ன தெரியும், நான் இப்போதுதான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு வானிலைகூடப் பேசவில்லை.

ரொம்ப நாள் பாடாத செட், ஒருமுறை சர்வீஸ் பண்ணி வைத்தால் நல்லது, நானே கொண்டுபோகிறேன் என்று மறுநாள் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் யோசித்தார். பொங்கலுக்குத் தன் தம்பிகள் இருவரும் சீர் கொண்டு வருவார்கள், அவர்கள் முன்னால் தன் அப்பா கொடுத்த ரேடியோ பாட வேண்டும் என்றார். வாசல்வரை கூடவே வந்து ஒன்று சொன்னார்: "பத்திரம் மாப்ளே. அத யாராவது தொட்டுக் கெடுத்தாங்கன்னு தெரிஞ்சுது, பெறகு அவிய மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

போர்வையில் சுற்றிய ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார். ரேடியோ என்றேன். பாடுமா என்றார். இப்போது பாடாது என்றேன். பாடாததுக்கு லக்கேஜ் போட்டே ஆகணும் என்று டிக்கெட் கிழித்தார்.

கண்டன்சரின் இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதில், யாரும் போடவில்லை. அவர் பின்பலகையைக் கழற்றினார். ஃபில்டர் கண்டன்சரின் அலுமினிய டப்பா வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தீபாவளிக்கு எல்லாரும் வெடிக்காகளேன்னு இதுவும் தானா வெடிச்சுதாக்கும்?"

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். ரேடியோ மூலையில் கிடந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. நான் கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். லஞ்சமா வே என்று கேட்டுவிட்டு முழுவதையும் தின்றார். ரேடியோ மூலையிலேயே கிடந்தது. எட்டாம் நாள் ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் கடைசி வரியின் ஞாபகம் வந்தது. 'ஸ்விட்ச் போட்டவர்: மருமகன்.' மளிகைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற மாமியார், தம்பிகள் முன்னால் அதை வாய்விட்டுப் படிப்பார். கல்யாணமாகி ஏழு மாதம். என் மனைவி பிறந்த வீட்டுக்குத் தனியாகப் போய் வர வேண்டியதுதான்.

அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். பொய்யாக ஏதாவது எழுதுங்கள், இடி விழுந்தது என்று எழுதுங்கள் என்றேன். சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டார்.

"மழையே பெய்யாத ஊருல இடியா வே? நாப்பது வருசமா எழுதுதேன். ஒரு பலகையிலயும் பொய் கெடையாது. உமக்காக ஆரம்பிக்கவா?"

இரண்டு வாரம் கழித்துத் தீப்பெட்டி ஆபீசுக்கே ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். போனால், முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் நடுவில் ரேடியோவின் ஃபியூசை வைத்திருந்தார். சின்னக் கண்ணாடிக் குழாய். அதைச் சுற்றி வெள்ளித்தாள் சுற்றியிருந்தது.

"மோந்து பாரும்."

மோந்து பார்த்தேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். லேசாகப் புகையிலை வாசம்.

"ஃபியூசு கருகிப்போனதும் இதச் சுத்திக் கரண்ட ஓட்டிருக்கான் ஒருத்தன். மேல தூசி படிஞ்சிருக்கு பாரும். இது நீரு போட்டதுக்கு ஒரு மாசம் முந்தி. மொதல்ல அவன் போட்டிருக்கான், ஃபியூசு போயிருக்கு. தாளைச் சுத்தித் திரும்பப் போட்டிருக்கான், உறுமிருக்கு. பயந்துபோய் அணைச்சிட்டு ஓடிட்டான். ஃபியூசு ஒழுங்கா இருந்திருந்தா நீரு போட்டப்ப அது போயிருக்கும், அம்புட்டுத்தான். டப்பா வெடிச்சிருக்காது." ஃபியூசைத் துணியில் திரும்ப வைத்தார். "அந்த வீட்டுல ஆம்பளை எத்தன பேரு?"

"மாமனார் ஒருத்தர்தான்."

"புகைப்பாரா?"

'விவரம் தெரிஞ்சவுங்க கையால' என்றதும், கொல்லைப்பக்கம் போன வேகமும், அன்று பார்த்த வானமும் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின. அந்த நிமிடம் நான் அடைந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாற்பது வயதுக்காரர்களின் சட்டைப்பைகளைப் பொசுக்கிய ஹெட்மாஸ்டர். எடுத்த எடுப்பில், அண்ணாச்சி, 'மாமனார்' என்று எழுதிவிடுங்கள், வெள்ளித்தாளையும் சேர்த்து எழுதிவிடுங்கள் என்றேன்.

"அவரு சுத்துனத நீரு பாத்தீரா?"

"பாக்கல. ஆனா வேற யாரு?"

"பாக்காத ஆளு பேர நான் எழுதுறதில்ல."

"அப்ப என்னத்தத்தான் எழுதுவீங்க?"

"எழுதும்போது பாப்போம். போயி லாரியப் பாரும்."

ஒன்பது கண்டன்சர்கள். கிளி ஐந்து, ரயில் மூன்று, யானை ஒன்று. யானை இங்கே கிடைக்காமல் மதுரைக்குச் சொல்லிவிட்டு வரவழைத்தார். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் அது இருந்த இடத்தைக் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டார். கடைசி ஈயப் பொட்டு வைத்த சாயங்காலம் நானும் இருந்தேன். பல்பு வழியாகக் கரண்ட் விட்டார். பளீரென்று எரிந்தது. நான் வாயைத் திறந்தேன், விரல் உதட்டுக்குப் போனது, மூடிக்கொண்டேன். பல்பு மெல்லச் சிவந்து மங்கியது. உறுமல் இல்லை. எங்கேயோ ஒரு நிலையத்தில் ஒருவர் உளுந்து விலையும் பருத்தி விலையும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டன்சர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கச்சேரி கேட்பது போல அதைக் கேட்டார். மிளகாய் வத்தல் விலை வந்த இடத்தில் 'ஆகா' என்றுகூடச் சொன்னார்.

பொங்கலுக்கு முதல் நாள் இருவரும் எட்டயபுரத்துக்குப் பஸ் ஏறினோம். ரேடியோவை அவர் மடியில்தான் வைத்துக்கொண்டார். வழி முழுக்க, பலகையில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே சோளத்தட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். மாமியார், அவருடைய இரண்டு தம்பிகள், என் மனைவி, சாய்வு நாற்காலியில் மாமனார். காபி சாப்பிடச் சொன்னதற்கு, செட் பாடின பிறகுதான் என்றார் கண்டன்சர். திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் நினைத்தபடியே வாய்விட்டுப் படித்தார்.

"மார்கழி இருபத்தொன்பது. கண்டன்சர் ஒன்பது மாற்றப்பட்டது. செட்டின் வயது முப்பத்தாறு. ஸ்விட்ச் போட்டவர்..." இங்கே ஒரு கணம் நின்று பலகையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "இருவர்."

மாமியார் கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரு அந்த ரெண்டு பேரு?"

கண்டன்சர் அதைக் காதில் வாங்காதவர் போலத் தீப்பெட்டியைத் திறந்து பழைய சாமான்களை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தார். மெழுகு உருகிய கண்டன்சர்கள் எட்டு. வெடித்த டப்பாவை மட்டும் துணியில் தனியாகச் சுற்றியிருந்தார். கடைசியாக ஃபியூஸ். நான் எட்டிப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் மாமனாரும் முன்னால் சாய்ந்துவிட்டார். வெறும் கண்ணாடிக் குழாய். வெள்ளித்தாள் இல்லை. துணியால் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

மாமனார் அந்த ஃபியூசைப் பார்த்தார். பிறகு கண்டன்சரைப் பார்த்தார். கண்டன்சர் திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மாமனார் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். நானும் திறக்கப் போவதில்லை, எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. இருவர் என்பது யாரென்று கடைசிவரை தெரியாமலே பொங்கல் வந்திருக்கும். அவர் ஒருமுறை செருமினார். பழைய பள்ளிக்கூடச் செருமல்.

"ரெண்டாவது ஆளு மாப்ளே. நான் சொல்லித்தான் போட்டாரு. மொத ஆளு நான்."

மாமியார் பலகையைக் கீழே வைத்துவிட்டு மாமனாரைக் கையால் காட்டினார்.

"கருவாட்டு வாடை அடிச்ச அன்னைக்கே நெனைச்சேன். இவிய ஒருத்தரால இவ்வளவு செய்ய முடியாதேன்னு."

மூத்த தம்பிதான் முதலில் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. ஆனால் ஸ்விட்சை அவரே போட்டார். பச்சைக் கண் திறந்தது. யாரோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரேடியோ மேலே கை வைத்தபடி அது முடியும்வரை நின்றார். பிறகு உள்ளே போய், வீட்டில் யாருக்கும் எடுக்காத வெள்ளி டம்ளரில் கண்டன்சருக்குக் காபி கொண்டுவந்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் பாடவிட வேண்டும் என்று மருந்துச் சீட்டு மாதிரி சொன்னார். மூஞ்சியில் முழிக்காமல் இருக்கும் தண்டனை எங்கள் இருவருக்கும் பகிர்ந்து தரப்பட்டு, பொங்கல் அன்று மதியச் சாப்பாட்டோடு முடிந்தது.

பஸ் ஸ்டாண்டுவரை மாமனாரும் வழியனுப்ப வந்தார். பஸ் வருவதற்குள் இரண்டு முறை செருமினார்.

"அந்த ஃபியூசுல... வேற எதுவும்..."

"ஃபியூசு பழசு சார். புதுசு போட்டிருக்கேன்" என்றார் கண்டன்சர்.

மாமனார் தலையசைத்தார். அதற்குப் பிறகு அவர் எங்கே, எப்போது புகைத்தார், விட்டாரா என்று எனக்குத் தெரியாது. வெள்ளித்தாள் விஷயத்தை இத்தனை வருடமாக நான் வீட்டில் சொன்னதில்லை. இப்போது பத்திரிகையில் எழுதுவது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நான் எழுதுகிற பத்திரிகைகளை என் மனைவி படிப்பதில்லை.

அந்தப் பொங்கலிலிருந்து மாமனார் என்னிடம் வானிலை தாண்டியும் பேச ஆரம்பித்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். இருவரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் என்ன வருகிறதோ அதைக் கேட்போம். அப்போதெல்லாம் அவர், கண்டன்சர் சௌக்கியமா என்று தவறாமல் கேட்பார். கண்டன்சர் ஒருநாளும் மாமனார் சௌக்கியமா என்று கேட்டதில்லை. செட் பாடுகிறதா என்றுதான் கேட்பார்.

மூன்று வருடம் கழித்து என் மகளுக்குக் காது குத்து. பத்திரிகை யார் யாருக்கு அனுப்புவது என்று மாமனார் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஹெட்மாஸ்டர் கையெழுத்து, நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் உறவினர், வலப்பக்கம் நண்பர்கள். விட்டுப்போன பெயர் இருந்தால் சேருங்கள் என்று என்னிடம் கொடுத்தார். நான் வலப்பக்கத்தை இரண்டு முறை தேடினேன். பிறகுதான் பார்த்தேன். இடப்பக்கத்தில், மாமியாரின் இரண்டு தம்பிகளுக்கு நடுவே, 'கண்டன்சர், கோவில்பட்டி' என்று எழுதியிருந்தது.

படித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.